பெண்கள் வார்டில் கலைக் கண்காட்சி

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் இருக்கிறது. மற்ற எல்லா இடத்திலும் அவர் 'சொட்டு'. பிளம்பர் வேலை. எங்காவது குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டால் அவரால் அங்கே நிம்மதியாக உட்கார முடியாது. பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தவர், வாய் கொப்பளிக்கிற தொட்டியின் குழாய் ஒழுகுகிறதென்று பாதியில் எழுந்து, கழுத்தில் கட்டிய துண்டோடு அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார். டாக்டர் அன்றைக்குப் பல்லைப் பிடுங்கவில்லை. "நாளைக்கு வாங்க, எனக்குக் கை நடுங்குது" என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தபோதும் இதே கூத்துதான். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிக்கு மாசம் என்ன வருது?" என்றார். இவர் "ஒரு நிமிஷம்" என்று எழுந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். உள்ளேயிருந்து அம்மாவின் அலறல். கால் மணி நேரம் கழித்து முழங்கை வரை ஈரமாக வந்து உட்கார்ந்தார்.

"வாஷர் தேஞ்சு போயிருந்துச்சுங்க. இப்பக் கேளுங்க."

"அதான் கேட்டேனே, மாசம் என்ன வருதுன்னு."

"அதைக் கேக்கச் சொல்லலைங்க. சத்தம் வருதான்னு காது குடுத்துக் கேளுங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் முடிந்துவிட்டது. மீதியெல்லாம் சாப்பாட்டுச் செலவுதான்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு, மாலையில் அதே இருபத்திரண்டையும் எண்ணி வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அந்த வேலைக்கு வேண்டிய குரல் அவளுக்கு இருக்கிறது. நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மனு, விண்ணப்பம், மன்னிப்புக் கடிதம் எல்லாம் அடித்தும் கொடுப்பேன். இந்தக் கதையில் மூன்றுமே வரும்.

மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. ஓய்வென்றால், யாரும் கூப்பிடாத, யாருக்கும் சொந்தமில்லாத இடங்களுக்குப் போவார். பேருந்து நிலையக் கழிப்பறை, நூலகத்துக் குடிநீர்த் தொட்டி, தபால் நிலையத்துப் பின்கட்டு. சட்டைப்பையில் ஒரு கைப்பிடி வாஷர், இடுப்பில் ஸ்பானர். மாற்றிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வந்துவிடுவார். "ஊருக்கெல்லாம் குழாய் மாத்துற மனுஷன், நம்ம வீட்டு ஃபேன் மூணு மாசமா சுத்தல" என்பாள் அக்கா. "அது சத்தம் போடலையே" என்பார் மாமா.

ஆனாலும் அக்கா சொல்வதைக் காதில் போட்டுக்கொள்கிறவர்தான். ஒருநாள் அவள் பேருந்து நிலையக் கழிப்பறையிலிருந்து கொதித்துப்போய் வந்தாள். "ஒரு கையில பை. இன்னொரு கையால கதவைப் பிடிச்சுக்கணும், தாழ்ப்பாள் இல்ல. பையைக் கீழ வைக்கலாம்னா தரை அந்த லட்சணத்துல இருக்கு. பொம்பளைக்கு மூணாவது கை முளைக்கும்னு நினைச்சுக் கட்டியிருக்கானுங்களா?" அடுத்த ஞாயிறு மாமா அங்கே எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் வைத்தார், பை மாட்ட ஒரு கொக்கியும் அடித்தார். குடிக்கிற தண்ணீர்க் குழாய்க்கு நீலம், கை கழுவுவதற்குப் பச்சை, கழிவுக்கு மஞ்சள் என்று மிச்சம் மீதி பெயின்ட்டை அடித்தார். அதற்கு முன்னால் அங்கே கை கழுவுகிற குழாயில் வருவதைக் குடித்துவிட்டுப் பேருந்து ஏறினவர்கள், அடுத்த ஊர் போய்ச் சேருவதற்குள் மூன்று முறை வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். எந்தக் குழாயில் எது வருகிறதென்று எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்தவர்களுக்குத்தானே தெரியும், நிறம் என்றால் எல்லாருக்கும் தெரியும் என்றார் மாமா.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் பித்தப்பையில் கல். பொது மருத்துவமனையில் பெண்கள் வார்டில் எட்டு நாள் இருந்தாள். பார்க்கப் போன மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அக்கா வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர் முகம் வேறெங்கோ போகிறது.

"நான் சொல்றது காதுல விழுதா?"

"பதினாலு" என்றார் மாமா.

"என்ன பதினாலு?"

"பதினாலு குழாய் ஒழுகுது. ஒண்ணொண்ணும் வேற வேற தாளத்துல."

அந்த வார்டில் முப்பது பெண்களுக்கு ஆறு கழிப்பறை. அதில் நான்கில் தண்ணீர் நிற்காமல் ஓடும், இரண்டில் வரவே வராது. ஒன்றுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வயிற்றில் தையலோடு இருப்பவள் வயிற்றில் தையலோடு இருப்பவளுக்குக் காவல். அக்கா இதைச் சொல்லி முடித்தபோது மாமா எழுந்துவிட்டார்.

மறுநாள் பட்டப்பகலில், பார்வையாளர் நேரத்தில், பெண்கள் வார்டுக் கழிப்பறைக்குள் கையில் ஸ்பானரோடு ஓர் ஆண் பிள்ளை பிடிபட்டான் என்று ஆஸ்பத்திரி முழுக்க ஒரே களேபரம். நான் போய்ப் பார்த்தால், இரண்டு காவலாளிகளுக்கு நடுவில் மாமா, ஈரச் சட்டையோடு, "இன்னும் ரெண்டு சுத்து சுத்தினா முடிஞ்சிருக்கும் சார்" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

நிர்வாக அதிகாரி விதிகளைக் கரைத்துக் குடித்தவர். மேஜையில் கண்ணாடிக்கு அடியில்கூட ஒரு விதியைத்தான் வைத்திருந்தார்.

"வெளியாள் இங்க எதையும் தொடக்கூடாது. பழுது பாக்குறதுக்கு டெண்டர் போட்டிருக்கோம்."

"எப்ப சார் வரும்?"

"போட்டு ஏழு வருஷம் ஆகுது. வர்ற நேரந்தான்."

மன்னிப்புக் கடிதம் கேட்டார். நான்தான் அடித்துக் கொடுத்தேன். 'இனி இந்த வளாகத்தில் எந்தக் குழாயையும் தொடமாட்டேன்' என்று அடித்ததைப் படித்துவிட்டு மாமா வெகுநேரம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அக்கா வீடு திரும்பிய பிறகும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து விரலால் தாளம் தட்டுவார். அந்தப் பதினான்கையும் மனப்பாடம் செய்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்து என் கடைக்கு ஓர் இளம்பெண் முந்நூறு நகல் எடுக்க வந்தாள். ஓர் அறக்கட்டளையின் விருது விண்ணப்பம். மெத்தை கம்பெனி நடத்தி ஓய்ந்த ஓர் அம்மா ஆரம்பித்த அறக்கட்டளை. ஊரில் பாதிப் பேர் அவர் மெத்தையில் தூங்க, அவருக்கு மட்டும் தூக்கம் வராமல், நல்ல காரியம் செய்தாலாவது வருமா என்று தொடங்கியதாம். 'மெத்தையம்மா' என்றால் எல்லாருக்கும் தெரியும். காலநிலை, பொதுச் சுகாதாரம், சமத்துவம், கலை என்று நான்கு பிரிவு. சத்தமில்லாமல் நல்லது செய்கிறவர்களுக்கு விருது.

முந்நூற்று நான்காக எடுத்து நான்கை நான் வைத்துக்கொண்டேன். எந்தப் பிரிவு என்று தெரியாததால் நான்கையும் நிரப்பினேன். ஒழுகும் தண்ணீரை மிச்சம் பிடிக்கிறார், அது காலநிலை. பேதியை நிறுத்தினார், சுகாதாரம். தாழ்ப்பாளும் கொக்கியும் சமத்துவம். கலைக்கு என்ன எழுதுவதென்று தெரியாமல், பேருந்து நிலையத்து நீலப் பச்சை மஞ்சள் குழாய்களைப் படமெடுத்து ஒட்டி அனுப்பிவிட்டேன். மாமாவிடம் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மாமா வீட்டு வாசலில் அடுத்தடுத்து நான்கு கார்கள் வந்து நின்றன. நான்கிலிருந்தும் கோப்போடு ஒவ்வொருவர் இறங்கினார். பக்கத்து வீட்டுக்காரர் வருமான வரிச் சோதனை என்று நினைத்துத் தன் வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டார். இறங்கினவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துத் திகைத்தார்கள். ஒரே அலுவலகம், ஒரே மாடி. நான்கு பேரும் ஒரே ஆளைத் தேடி வந்திருப்பது அங்கே வைத்துத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"ஒருத்தருக்கு ஒரு விருதுதான்" என்றார் காலநிலைக்காரர். ஒல்லியானவர், கையில் கணக்குக் கருவி. "முதல்ல நான் கேட்டுக்கறேன். வருஷத்துக்கு எத்தனை டன் கார்பனைக் குறைச்சிருக்கீங்க?"

"கார்பனா? கரியா சார்? நான் தண்ணி வேலை. கரி வேலைக்கு வேற ஆளு."

சுகாதாரப் பிரிவு அம்மா கனிவாகக் கேட்டார். "நீங்க குழாய்க்கு நிறம் அடிக்கிறதுக்கு முன்னால எத்தனை பேருக்கு வயித்துப்போக்கு, அடிச்சதுக்கு அப்புறம் எத்தனை பேருக்கு? பதிவு இருக்கா?"

"கழிப்பறை வாசல்ல நின்னு எப்படிம்மா எண்றது? அடிக்க வந்துருவாங்களே."

சமத்துவப் பிரிவு மேடம் தன் கோப்பைப் புரட்டிவிட்டு, இந்த வருடம் அவர்கள் பிரிவு விருது பெண்களுக்கு மட்டும் என்றார். சமையலறையிலிருந்து அக்கா வந்தாள். "அப்ப எனக்குக் குடுங்க. கொக்கி என் யோசனை. இவருக்குத் தாழ்ப்பாளைத் தாண்டி மூளை வேலை செய்யாது."

"விண்ணப்பத்துல உங்க பேர் இல்லையேம்மா."

"அதுதான் சமத்துவமா?" என்றாள் அக்கா. மேடம் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவிட்டார்.

கலைப் பிரிவுக்காரர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கழுத்தில் பெரிய மணிமாலை, காலில் இரண்டு நிறச் செருப்பு. நேராகப் போய்ச் சமையல் தொட்டிக்கு அடியில் குனிந்து, மாமா வளைத்து வைத்திருந்த குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "இது ஒரு மொழி" என்றார்.

"இது எஸ் வளைவு சார். நாத்தம் மேல வராம இருக்க" என்றார் மாமா.

"பாத்தீங்களா? பேசுது!" என்றார் அவர் மற்ற மூவரிடமும்.

ஒரு வாரம் அறக்கட்டளை அலுவலகம் இருக்கும் நாலாவது மாடியில் சண்டை நடந்ததாம். கரி இல்லையென்று காலநிலையும், பதிவு இல்லையென்று சுகாதாரமும், பெண் இல்லையென்று சமத்துவமும் கைவிரிக்க, கலைப் பிரிவில் மாமாவுக்கு விருது கிடைத்தது. கடிதத்தைப் படித்துக் காட்டியபோது மாமா என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, எனக்கு ஒரு பூ வரையத் தெரியாது. கோலியை வரைஞ்சா முட்டை மாதிரி இருக்கும். இது ஏமாத்து வேலை. திருப்பி அனுப்பிடு."

"நிபந்தனையையும் படிக்கிறேன் மாமா. 'விருது பெறுபவர் பொதுமக்கள் வந்துபோகும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே தம் கலைப்படைப்பை நிறுவ வேண்டும். இடத்துக்கான அனுமதியை அறக்கட்டளை பெற்றுத்தரும்.'"

மாமாவின் விரல் மேஜையில் தாளம் போட்டது.

"எந்த இடம் வேணாலுமா?"

"எந்த இடம் வேணாலும்."

"பெண்கள் வார்டு கக்கூஸு" என்றார் மாமா.

அதைக் கேட்ட கலைப் பிரிவுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன துணிச்சல்!" என்றார். உடனே அறக்கட்டளையின் கெட்டித் தாளில் மருத்துவமனைக்குக் கடிதம் போனது. பிளம்பருக்கு ஏழு வருடமாகக் கிடைக்காத அனுமதி படைப்பாளிக்கு ஒரே நாளில் கிடைத்தது. விதிப் புத்தகத்தில் 'வளாகத்தில் கலை நிகழ்ச்சி' என்று ஒரு பத்தி இருந்திருக்கிறது. அதை யாரும் பயன்படுத்தியதே இல்லை. பயன்படுத்தக் கிடைத்ததில் நிர்வாக அதிகாரிக்கே பரம சந்தோஷம். கையெழுத்துப் போட வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர் ஸ்பானரோடு பிடிபட்ட அதே ஆள் என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு மாமா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். அதோடு கலைப் பிரிவுக்காரர் தன் மணிமாலையைக் கழற்றி மாமா கழுத்தில் போட்டிருந்தார். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில், 'கண்காட்சிக் காலம் மூன்று வாரம். முடிந்ததும் இடத்தை முன்பிருந்த நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்' என்று ஒரு வரி இருந்தது. மாமா கையெழுத்துப் போட்டார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் அந்த வரியைப் படிக்கவில்லை.

பதினோரு நாள் வேலை நடந்தது. அக்கா பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே வேனில் குழாய்களை ஏற்றிக்கொண்டு வருவாள். பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை தலைமை நர்ஸ் கழிப்பறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். இருபத்தாறு வருடம் அந்த வார்டில் இருந்தவர். ஆளும் குரலும் கனம். "உள்ள ஆம்பள இருக்காரு. அவசரம்னா குரல் குடுங்க, வெளிய அனுப்புறேன்" என்பார். மாமா ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கையில் ஸ்பானரோடு வெளியே வந்து சுவரைப் பார்த்து நிற்பார். பதினான்கு குழாயும் புதிதாயின. ஆறு தொட்டியிலும் தண்ணீர் நிரம்பி, தானாக நின்றது. ஒவ்வொரு கதவுக்கும் தாழ்ப்பாள், பைக்கு ஒரு கொக்கி, மருந்து ஏற்றும் பாட்டிலை மாட்ட இன்னொரு கொக்கி. உட்கார்ந்து எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி. அந்தக் கம்பியைத் தலைமை நர்ஸ் கேட்டார். "தையல் பிரிஞ்சு வர்றதுல பாதி இங்கதான் பிரியுது" என்றார்.

திறப்பு விழா காலை பதினோரு மணிக்கு. அதற்கு அரைமணி முன்னால் அறக்கட்டளை ஆட்கள் வந்து, கழிப்பறை வாசலில் சிவப்புக் கயிறு கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு குழாய்க்குப் பக்கத்திலும் ஓர் அட்டை: 'கலைப்படைப்பு. தொடாதீர்கள்.' ஒரு காவலாளியும் நின்றான்.

தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்தார். "தொடாம எப்படி சார் போறது?"

"மூணு வாரம்தானேம்மா" என்றார் கலைப் பிரிவுக்காரர்.

"நோயாளிகிட்டச் சொல்லிப் பாருங்க. மூணு வாரம் அடக்கிக்கச் சொல்லி."

பேச்சு முற்றுவதற்குள் விருந்தினர் வந்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர் இருவர், கலை விமர்சகர் ஒருவர், நான்கு பிரிவினர், நடுவில் ஊன்றுகோலோடு மெத்தையம்மா. விமர்சகர் கயிற்றுக்கு வெளியே நின்று வெகுநேரம் உள்ளே உற்றுப் பார்த்தார்.

"இதுல படைப்பு எது?" என்று கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"கேளுங்க சார்" என்றார் மாமா.

"அதான் கேட்டேன்."

"இல்ல சார், காது குடுத்துக் கேளுங்க."

எல்லாரும் காது கொடுத்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. ஒரு சொட்டு இல்லை. "ஆஹா" என்று விமர்சகர் எழுதிக்கொண்டார். மறுநாள் பத்திரிகையில் 'மௌனத்தைச் சிற்பமாக்கியவர்' என்று வந்தது. மாமா அதைப் படித்துவிட்டு, யாரைப் பற்றி என்று என்னிடம் கேட்டார்.

கலைப் பிரிவுக்காரர் பேச ஆரம்பித்தார். குழாய் என்பது மனித குலத்தின் நரம்பு என்றார். தண்ணீர் என்பது காலம் என்றார். தண்ணீர் தண்ணீர் என்று அவர் சொல்லச் சொல்ல, மெத்தையம்மா ஊன்றுகோலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். வயது எழுபத்தொன்பது, வந்த வழியில் சாலை வேறு மோசம். பேச்சு இருபதாவது நிமிடத்தைத் தொட்டபோது அவர் எழுந்து கயிற்றை நோக்கி நடந்தார்.

காவலாளி பாய்ந்து வந்தான். "தொடக்கூடாதும்மா, கலைப்படைப்பு."

"தெரியும்ப்பா. பணம் குடுத்ததே நான்தான். விலகு."

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் 'டக்' என்று கேட்டது. கலைப் பிரிவுக்காரர் மனித குலத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு நின்றார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். தொட்டித் தண்ணீர் இறங்கி, நிரம்பி, நின்றது. மாமா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். சரியான நேரத்தில் நின்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

வெளியே வந்த மெத்தையம்மா கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். விழாவில் பேசியவர்களில் குறைவாகப் பேசியவர் அவர்தான். "பையை மாட்ட இடம் இருக்கு. பிடிச்சு எழுந்திருக்கக் கம்பி இருக்கு. எங்க ஆபீஸ்ல இது ரெண்டும் இல்ல. அந்தக் கயித்தை அவுத்துடுங்க." கயிறு அவிழ்ந்தது. அதுவரை நடைபாதையில் கும்பிட்ட கையோடு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நோயாளிகள் ஆறு பேர் ஒரே ஓட்டமாக உள்ளே போனார்கள். தையலோடு ஓடக்கூடாது என்று தலைமை நர்ஸ் பின்னாலேயே கத்தினார்.

மூன்று வாரம் ஓடியது. கண்காட்சிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் நாற்பது பேர். உள்ளிருந்து வந்தவர்களுக்குக் கணக்கில்லை. பிறகு நிர்வாக அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. மாமா அதை என் கடைக்கு எடுத்துவந்து மேஜையில் வைத்தார்.

'காலம் முடிவடைந்தது. ஒப்பந்தப்படி இடத்தை முன்பிருந்த நிலையில் ஒப்படைக்கவும். மருத்துவமனைப் பதிவேட்டில் ஒழுகும் குழாய்கள் பதினான்கு என்று இருப்பதாலும், அவற்றின்பேரில் டெண்டர் நிலுவையில் இருப்பதாலும், குழாய்கள் ஒழுகாதிருப்பது தணிக்கையில் ஆட்சேபணைக்கு உள்ளாகும்.'

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டது நான், மாப்ளே."

"அதுக்காக நல்லா இருக்குற குழாயை ஒழுக விடுவீங்களா?"

"ஒருதரம் தொடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டுத் தொட்டாச்சு. அதுவே உறுத்துது. ரெண்டாவது தடவையும் வாக்கு மாறினா நான் என்ன மனுஷன்?"

அக்காவும் சொல்லிப் பார்த்தாள். இருபத்திரண்டு பிள்ளைகளை அடக்கும் குரல் இந்த ஒரு ஆளிடம் எடுபடவில்லை. கழற்றிய பழைய வாஷர்களை மாமா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனார். என்ன ஆகுமோ என்று நானும் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனேன்.

முதல் குழாய்க்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். திறந்தார். நல்ல வாஷரை வெளியே எடுத்தார். தேய்ந்துபோன வாஷரைக் கையில் எடுத்து உள்ளே வைக்கப் போனார். கை போகவில்லை. திரும்ப முயன்றார். நாற்பது வருடம் எந்த இருட்டு மூலையிலும் தடவியே வேலை செய்த கை, பட்டப்பகலில் அந்த ஒரு துளை எங்கே என்று தெரியாதது போலத் தடுமாறியது. பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

தலைமை நர்ஸ் வந்து நின்றார். "என்ன பண்றீங்க?"

"ஒழுக வைக்கிறேன் சிஸ்டர்" என்றார் மாமா. "வர மாட்டேங்குது."

நர்ஸ் கடிதத்தை வாங்கிப் படித்தார். விறுவிறுவென்று போனார். பத்து நிமிடத்தில் நிர்வாக அதிகாரியைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தார். அழைத்துக்கொண்டு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவருடைய முழங்கை நர்ஸின் பிடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தில் பதினைந்து வருடமாக வேலை பார்த்தும் அவர் பெண்கள் வார்டுக் கழிப்பறைப் பக்கம் வந்ததில்லை. வார்டே எழுந்து வந்து நடைபாதையில் நின்றது. சிலர் கையில் மருந்து பாட்டில்.

"இவருக்கு ஒழுக வைக்கத் தெரியலையாம் சார்" என்றார் நர்ஸ். "உங்களுக்குத்தான் விதி தெரியும். நீங்களே பண்ணிக் காட்டுங்க." மாமாவின் ஸ்பானரை வாங்கி அவர் கையில் வைத்தார்.

அதிகாரி ஸ்பானரைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். முப்பது பெண்களைப் பார்த்தார். முன்னால் நின்ற ஒருத்தி, நேற்றுத்தான் அறுவை முடிந்தவள், "சீக்கிரம் சார், நான் உள்ள போகணும்" என்றாள்.

"எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று அவர் மாமாவிடம் ரகசியமாகக் கேட்டார்.

"இடப்பக்கம் சார்" என்றார் மாமா. கேட்டால் பதில் சொல்லிவிடுவார், அவர் சுபாவம் அப்படி.

அதிகாரி குனிந்தார். ஸ்பானரைக் குழாயில் வைத்தார். பிறகு நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கண்காட்சியை நீட்டிக்க விதியில இடம் இருக்கான்னு பாக்குறேன்" என்றார்.

விதியில் இடம் இருந்தது. மூன்று மூன்று வாரமாக எத்தனை முறை வேண்டுமானாலும் நீட்டிக்கலாம். காலம் முடியும்வரை படைப்பைப் பராமரிப்பது படைப்பாளியின் பொறுப்பு. அன்றிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை நான் நீட்டிப்பு மனு அடிக்கிறேன். போன திங்கட்கிழமை அடித்தது நாற்பத்தொன்றாவது. புதன்கிழமை தோறும் மாமா கழுத்தில் மணிமாலையோடு போய் எல்லாக் குழாயையும் ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டு வருகிறார். அதிகாரி எதிரே வந்தால் வணக்கம் சொல்கிறார்.

அறக்கட்டளையின் மற்ற மூன்று பிரிவும் இப்போது அந்த வார்டைத் தங்கள் ஆண்டறிக்கையில் போட்டுக்கொள்கின்றன. காலநிலைக்காரர் நேரில் வந்து மிச்சமாகும் தண்ணீரை அளந்துகொண்டு போனார். சுகாதாரப் பிரிவு அம்மாவுக்குத் தலைமை நர்ஸ் வார்டு நோயாளிகளின் எட்டு வருடப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். சமத்துவப் பிரிவு அடுத்த வருட விருதை அக்காவுக்குத் தந்தது. மேடையேறிய அக்கா, யோசனை எல்லாம் தன்னுடையது என்றும், கணவர் கைவேலைக்கு உதவினார் என்றும் பேசினாள். கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாமா எல்லாரையும்விட பலமாகக் கை தட்டினார்.

இந்த வாரம் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியை என் கடையைத் தேடி வந்தார். கையில் ஒரு காகிதம். உட்காரக்கூட இல்லை.

"அந்தப் படைப்பாளியைப் பாக்கணும். எங்க பள்ளிக்கூடத்துலயும் பதினாறு கலைப்படைப்பு ஒழுகுதுங்க. அறுநூறு பிள்ளைங்க."

மாமாவுக்கு போன் போட்டேன். வழக்கம்போல எங்கோ ஒரு தொட்டிக்கு அடியில் இருந்தார். குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல வந்தது. விஷயத்தைச் சொன்னேன். விண்ணப்பம், அனுமதி, நிபந்தனை எல்லாவற்றையும் இந்த முறை முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் குறுக்கிட்டார்.

"குழாய் அரை இஞ்சா, முக்கால் இஞ்சான்னு கேட்டு வை, மாப்ளே."